கல்லைத் தேடிப் போன கலாநிதி ஆனந்த குமாரசுவாமி

எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில மலை எண்டு ஒண்டு இல்லை. கீரிமலைக்குப் பேர்தான் மலை. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான். ஆறு எண்டு சொல்ல வழுக்கையாறு இருக்கிறது. அதுவும் மாரி மழைக்கு ஓடி, கோடையில் வற்றிவிடும். நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கடலுக்கடியில் சிப்பியும் சங்கும் படிந்து உண்டான அந்தக் கல்லுக்கு வயது ஒன்றிரண்டு கோடி ஆண்டுகள்தான். பூமியின் சரித்திரத்தில் அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

இப்படி மலையும் ஆறும் இல்லாத வடபகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் பிள்ளைதான், இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளை ஆராய அரசாங்கம் அமைத்த முதலாவது ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் என்று சொன்னால் பலர் நம்பமாட்டினம். அவர் கலாநிதி ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி. நடராசரின் தாண்டவத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு விளக்கியவர் என்று அவரை எல்லோரும் அறிவோம். அவர் முதலில் ஒரு கல் ஆராய்ச்சியாளர் என்பதும், அந்தப் படிப்பை இதே லண்டன் மாநகரில் படித்தவர் என்பதும் எங்களுக்குள் அவ்வளவாகத் தெரியாத சங்கதி.

நான் ஊரில் புவியியல் படிப்பித்தனான். இங்கு வந்த பின்னர் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வகுப்பு முடிய, பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கே பிறந்து, அல்லது கைக்குழந்தையாக வந்து, ஆங்கிலத்தில் கனவு காணுகிற பிள்ளை எங்கட பிள்ளையாக இருக்குமா என்பதே அது. அதற்கு நான் சொல்லும் மறுமொழி இந்த மனிதரின் வாழ்க்கைதான்.

இரண்டு வயதில் கப்பல் ஏறிய பிள்ளை

ஆனந்தா 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. சட்டசபை உறுப்பினர். 1863 இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்ரரான இவர், அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்து. அதே ஆண்டில் அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக வெளியிட்டார். 1874 இல் சேர் பட்டம் பெற்றார். சேர் பொன். இராமநாதனும் சேர் பொன். அருணாசலமும் இவருடைய சகோதரியின் புதல்வர்கள். அந்த வகையில் ஆனந்தாவுக்கு அவர்கள் மச்சான்மார்.

தாயார் எலிசபெத் பீபி, கென்ற் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. பிள்ளையின் பெயருக்கு நடுவில் நிற்கும் கென்ரிஷ் என்பது தாயின் ஊரைக் குறிப்பது. தமிழ்ப் பேரும் ஆங்கில ஊரும் ஒரே பெயரில்! எங்கட பிள்ளைகளின் பாஸ்போட்டைப் பார்க்கிற மாதிரித்தான்.

1879 இல் தாயார் கைக்குழந்தையுடன் இங்கிலாந்துக்கு வந்தார். தந்தையார் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஆனால் அவர் கப்பல் ஏறவில்லை. அந்த ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி கொழும்பில் காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. முன்னால் வந்த குடும்பம், பின்னால் வர இருந்த தகப்பன், வராமற்போன அந்தப் பயணம். இதை எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

ஆகவே அந்தப் பிள்ளை தகப்பனின் குரலைக் கேட்டு வளரவில்லை. வீட்டிலே தமிழ் இல்லை, கோயில் இல்லை. 12 வயதில் குளொஸ்ரர்ஷயரில் உள்ள விக்கிளிப் கல்லூரிக்கு விடுதி மாணவனாகப் போனார். அந்தப் பாடசாலைக்கு அருகில் டோவரோ என்று ஒரு குன்று உண்டு. பையன் அதில் ஏறி இறங்கிக் கல் பொறுக்கினான். அக்குன்றின் கற்களைப் பற்றிப் பாடசாலைச் சஞ்சிகையில் ஒரு கட்டுரையும் எழுதினான். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தவரின் எழுத்து இப்படி ஒரு பள்ளிக்கூடச் சஞ்சிகையில் தொடங்கியது. எங்கட பிள்ளைகள் இந்த மலருக்கு எழுதித் தருகிற கட்டுரைகளை நான் கவனமாக வாசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோவர் வீதியில் படிப்பு

பிறகு லண்டன். கோவர் வீதியில் உள்ள யூனிவேசிற்றி கொலிஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்து, 1900 இல் முதல் வகுப்பில் தேறினார். புவிச்சரிதவியல் என்பது பூமியின் சரித்திரத்தைக் கல்லிலே வாசிக்கும் கல்வி. வைத்தியம், சட்டம், கணக்கியல் எண்டு மூன்று கதவுகளை மட்டுமே திறந்து வைத்திருக்கிற எங்கட வீடுகளில், ஒரு பிள்ளை கல் படிக்கப் போறன் எண்டு நிண்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அதே 1900 இல், 22 வயது இளைஞராக, இலங்கையின் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் காலாண்டு வெளியீட்டில் வந்தது. பிக்கடிலியில் பேர்லிங்ரன் மாளிகையில் இருக்கிறதே, அந்தச் சங்கம்தான். பென்சிலுக்குள் வைக்கும் கரியை இலங்கைச் சுரங்கங்கள் அப்போது உலகத்துக்கே அனுப்பிக் கொண்டிருந்தன.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேணும். படித்த இடம் லண்டன், வளர்ந்தது இங்கிலாந்தின் கிராமப்புறம். ஆராயக் கல்லுக்கா இங்கே பஞ்சம்? ஆனாலும் அந்த இளைஞர் கையில் எடுத்தது தகப்பன் பிறந்த நாட்டின் கல்லைத்தான். தமிழ் தெரியாத பிள்ளைக்கு ஊருக்குத் திரும்பிப் போக ஒரு வழி தேவைப்பட்டது. அவருக்கு அந்த வழி கல்லாக வாய்த்தது என்பதே என் எண்ணம்.

1902 இல் எதெல் பாற்றிஜ் என்ற ஆங்கிலப் பெண்மணியைத் திருமணம் செய்தார். 1903 இல் இலங்கை அரசாங்கம் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியைத் தொடங்கியபோது அதன் முதற் பணிப்பாளர் ஆனார். 1906 வரை அந்தப் பதவியில் இருந்தார். இலங்கையில் இன்று இயங்கும் புவிச்சரிதவியல் பணியகம் தன்னுடைய தொடக்கத்தை அந்த 1903 ஆம் ஆண்டில்தான் வைத்துச் சொல்கிறது.

அரிக்கன்சட்டியும் ஆற்று மணலும்

கல் ஆராய்ச்சி மலைநாட்டில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேணும். அம்மாமார் அரிசி அரிக்கிறதை நினைத்துப் பாருங்கள். அரிக்கன்சட்டியில் தண்ணீர் விட்டுச் சுழற்றச் சுழற்ற, பாரம் குறைந்த அரிசி தண்ணீரோடு வழிந்து மற்றச் சட்டிக்குப் போகும். பாரமான கல் அடியிலுள்ள வரிகளில் தங்கி நிற்கும். மலையாறு செய்வதும் இதே வேலைதான்.

மழை மலையைக் கரைக்கிறது. பாறை உக்கி மண்ணாகிறது. உக்காத கெட்டியான மணிகள் மட்டும் மிஞ்சி ஆற்றோடு உருண்டு வருகின்றன. ஆறு செங்குத்தாக இறங்கும்வரை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். பள்ளத்தாக்கு அகன்று தட்டையான வடிநிலத்துக்கு வந்தவுடன் அதன் வேகம் தளர்ந்துவிடும். அப்போது பாரமானவை முதலில் கீழே இறங்கும். களுகங்கை ஓடும் இரத்தினபுரியில் வயலுக்கடியில் இரத்தினக்கல் கிடைப்பது இதனால்தான். அந்தக் கல் அங்கே பிறந்ததல்ல. மேலே எங்கோ ஒரு மலைப் பாறையில் பிறந்து, ஆற்றோடு வந்து தங்கியது. அந்தச் சரளைப் படையை அங்குள்ளவர்கள் இல்லம் என்கிறார்கள். எங்கட காதுக்கு அது வீடு என்று கேட்கும். அவர்களுக்கு அது கல் வந்து படிந்த படை.

இரத்தினம் எடுக்கிறவருக்கு இல்லம் கிடைத்தால் போதும், அவருடைய வேலை முடிந்தது. ஆராய்ச்சியாளருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. கூடையின் அடியில் தங்கிய மணியைக் கையில் எடுத்து, இது எந்த மலையிலிருந்து வந்தது என்று ஆற்றை எதிர்த்து மேலே நடக்க வேண்டும். ஒரு கிளையாற்றில் அந்த மணி கிடைக்கும், அடுத்ததில் கிடைக்காது. கிடைக்கிற கிளையைப் பிடித்து இன்னும் மேலே போக வேண்டும். இப்படித்தான் தாய்ப்பாறையைத் தேடுவது. மூன்றாண்டுகளாக ஆனந்தா மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மலைநாட்டில் திரிந்தது இந்த வகை வேலைக்காகத்தான். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் சாணக்கைற்று என்ற கடும் பாறை இலங்கை மலைகளிலும் உண்டு என்பதை எடுத்துக் காட்டினார். பாக்கு நீரிணை இரு நாட்டுக்கும் நடுவே கிடந்தாலும், அடியில் கிடக்கும் கல் ஒரே குடும்பம்.

கறுப்புக் கல்லும் பெற்றோமக்ஸும்

1902 இல் கண்டிப் பக்கம் அம்பகோட்டைக்கு அருகே கங்காபிட்டியவில் ஒரு நீலநிறக் கனிப்பொருள் அகப்பட்டது. அதுவரை உலகில் எவரும் அறியாதது. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயர் என்ற அறிஞருடன் சேர்ந்து ஆனந்தா அதை விபரித்தார். இலங்கைக்கு அராபியர் வைத்த பழைய பெயரான செரண்டிப் என்பதிலிருந்து அதற்குச் செரண்டிபைற்று என்று பெயரிட்டார்கள். இன்றும் உலகின் மிக அருமையான கனிப்பொருள்களில் அது ஒன்று.

அடுத்தது 1904. சப்பிரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைப் பக்கத்தில், இரத்தினக்கல் கழுவும் கூடைகளின் அடியில் சிறிய கறுப்புச் சதுர மணிகள் தங்கின. பார்வைக்கு ஒன்றுமில்லை, தூக்கினால் ஈயம் போலப் பாரம். தண்ணீரைவிட ஏறத்தாழ 9 மடங்கு பாரம் என்றால் பாருங்கள். நீலக்கல்லே 4 மடங்குதான். முதலில் அது யுரேனியம் கொண்ட யுரேனினைற்று என்றே கருதப்பட்டது. லண்டன் சவுத் கென்சிங்ரனில் இருந்த இம்பீரியல் இன்ஸ்ரிரியூட்டில் வின்டம் டன்ஸ்ரன் அதைப் பகுத்துப் பார்த்தபோது, அதில் நாலில் மூன்று பங்களவு தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள்.

தோரியம் எதற்கு? எங்களில் 50 வயது தாண்டிய எல்லோருக்கும் அதோடு பழக்கம் உண்டு, பேர்தான் தெரியாது. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பெற்றோமக்ஸ் கொளுத்தினோமே, அதன் மான்ரில் பளீரென்று வெள்ளையாக எரிந்தது தோரியத்தால்தான். 1904 இல் லண்டன் தெருக்களின் காஸ் விளக்குகளுக்கும் அதே மான்ரில்தான். ஆகவே பலாங்கொடை ஆற்று மணலுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது.

அதைவிடப் பெரிய சங்கதி கோவர் வீதியில் நடந்தது. ஆனந்தா படித்த அதே யூனிவேசிற்றி கொலிஜில், 1905 இல், பேராசிரியர் றாம்சேயிடம் வேலை பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானியருக்கு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டது இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள். அதிலே அவர் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். அவருடைய கதிரியக்க ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கிற்று. 1938 இல் யுரேனியம் அணு பிளவுபடுவதைக் கண்டவரும் இதே ஹான்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஸ்ட்ரட் என்பவர், தோரியனைற்றுக்குள் சிறைப்பட்டிருக்கும் ஹீலியம் வாயுவை அளந்து, பாறைகளின் வயதைக் கணக்கிட முயன்றார். பூமிக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வயது என்பதை ஆய்வுகூடத்தில் நிறுவிய ஆரம்ப முயற்சிகளில் இலங்கைக் கல்லும் சாட்சி சொன்னது. மலைநாட்டு ஆற்று மணல் லண்டனுக்கு வந்து உலகத்தின் வயதைச் சொன்னது!

மலை எப்படி எழுந்தது?

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடுத்த கேள்வி அந்த மலை எங்கிருந்து வந்தது என்பது. அதற்குப் பதில் தேடியவர்கள் ஆனந்தாவுக்குப் பின் வந்தவர்கள்.

1970களில் என்னுடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பதுளை ரெயிலில் கூட்டிக்கொண்டு போனேன். மலைநாடு மூன்று படிக்கட்டாக ஏறுவதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். கீழே கரையோரச் சமவெளி. அடுத்த படியில், ஏறத்தாழ 500 மீற்றரில், கண்டி. அதற்கு மேல் 1,900 மீற்றர் அளவில் நுவரெலியா. ஒரு படியிலிருந்து மற்றப் படிக்கு ஆறு இறங்கும் இடமெல்லாம் நீர்வீழ்ச்சி. ரெயில் பாதை ஓரமெல்லாம் தேயிலைத் தோட்டங்கள். அந்தச் சரிவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காலால் அளந்தவர்கள் எங்கட மலையகத் தமிழ்ச் சனம்.

1929 இல் கனடிய அறிஞர் அடம்ஸ், மழையும் ஆறும் தின்றுதான் இந்தப் படிகள் உண்டாயின என்று சொன்னார். 1938 இல் கொழும்புக்கு அரசாங்கக் கனிப்பொருளியலாளராக வந்தவர் டி. என். வாடியா. இமயமலையின் மடிப்புகளையும் பிளவுகளையும் படித்துப் பெயர் பெற்ற இந்தியர். அவர் அதை ஏற்கவில்லை. பாறை நீளத்துக்கு வெடித்து, ஒரு பக்கம் அப்படியே நிற்க, மற்றப் பக்கம் பெருந்துண்டாக மேலே தள்ளப்பட்டதால் வந்த படிகள் இவை என்றார். அறிஞர்கள் இன்னும் இதை விவாதிக்கிறார்கள்.

ஆறும் தன் பங்குக்குச் சாட்சி சொல்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி கங்கை, கண்டி வரை வடக்கே வந்து, பிறகு கிழக்கே திரும்பி, மினிப்பேயில் மலையை விட்டிறங்கி, மறுபடி வடக்கே போய்த் திருகோணமலை கொட்டியார் குடாவில் விழுகிறது. தண்ணீருக்கு மெலிந்த இடம் தெரியும். பாறை மடிந்த வழியையும் வெடித்த வழியையும் பார்த்து ஓடும். அது கொண்டுவந்து கடலில் கொட்டிய பாரமான மணலைக் கடல்நீரோட்டம் வடக்கே இழுத்துக் குவித்த இடம் புல்மோட்டை. அந்தக் கறுப்பு மணலிலே மலைநாடு கிடக்கிறது.

இன்றைய விஞ்ஞானம் இன்னும் தூரம் போயிருக்கிறது. இலங்கையின் மலைப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் வெந்து நெரிபட்டு இன்றைய உருவத்தை எடுத்தவை. அப்போது தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் இலங்கையை ஒட்டி ஒரே நிலமாக இருந்தன. பின்னர் பிளந்து ஆளுக்கொரு திசையாய்ப் போய்விட்டன. பிரிந்து எவ்வளவு காலம் போனாலும், கல்லை எடுத்துப் பார்த்தால் உறவு தெரிகிறது.

கல்லிலிருந்து மனிதருக்கு

ஆனந்தாவின் கதைக்குத் திரும்புவோம். தாய்ப்பாறையைத் தேடிப் பெருந்தெருவை விட்டு உள்ளே போனவருக்கு, வேறொன்றும் கண்ணில் பட்டது. மலைநாட்டுக் கிராமங்களில் பித்தளை வேலை, தந்த வேலை, பாய் பின்னல், கோயில் சித்திரம் என்று தலைமுறையாக வந்த கைவினைகள் ஆதரவின்றி அழிந்துகொண்டிருந்தன. படித்த கூட்டத்தார் ஆங்கில உடுப்பையும் சாமானையும் மேலென்று நினைத்தார்கள். இங்கிலாந்திலே வளர்ந்து, அரை ஆங்கிலேயரான இவருக்குத்தான் அந்த இழப்பு பட்டது.

1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று வாதாடினார். தாய்மொழி கிடைக்காமல் வளர்ந்தவர், அது மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று போராடியதை நினைக்க எனக்கு மனம் கரைகிறது. 1906 இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருடைய புவிச்சரிதவியல் ஆய்வுகளுக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அந்த ஆண்டோடு பதவியை விட்டார். கல்லையும் விட்டார்.

திரும்பி வந்து குளொஸ்ரர்ஷயரில் புறோட் கம்டன் என்ற கிராமத்தில் குடியிருந்து, மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை எழுதி, 1908 இல் தன் மேற்பார்வையில் கையால் இயக்கும் அச்சில் 425 பிரதிகள் அச்சிட்டார். படங்களுக்கு ஒளிப்பதிவு பெரும்பாலும் மனைவி எதெல். நூலின் சேகரிப்பு முழுவதும் கல் தேடித் திரிந்த அந்த மூன்றாண்டுகளில் நடந்தது.

இங்கே சிலர் என்னைக் கேட்பதுண்டு. அவர் சிங்களக் கலையைப் பற்றித்தானே பெருநூல் எழுதினார், அவரை நாங்கள் ஏன் கொண்டாட வேணும் என்று. பட்ட வேதனையில் வரும் கேள்வி அது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியது உண்டு. சைவராகிய அவருடைய தந்தையார் 1874 இலேயே பாளி மொழிப் பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டவர். மகன் ஆற்றின் வழியே மேலே போனபோது, கரையில் யார் இருந்தார்களோ அவர்களின் அருமையைக் கண்டு எழுதினார். அதே மனிதர்தான் 1912 இல் நடராசர் தாண்டவம் பற்றிய கட்டுரையைச் சித்தாந்த தீபிகையில் எழுதினார். 1918 இல் அது நியூயோர்க்கில் நூலாக வந்தபின், சிதம்பரத்துக் கூத்தன் உலகத்துக் கூத்தன் ஆனார். அடுத்தவனின் அருமை தெரிந்தவருக்குத் தன்னுடைய அருமையும் குறைவறத் தெரியும். எங்களை அகதியாக்கியவர்களுக்கு இது தெரியாமற் போயிற்று. அதற்காக நாங்களும் மறந்துவிடலாமா?

1910 இல் லண்டனில் இந்தியக் கலைக்கென ஒரு சங்கம் தோன்றியபோது, அதைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1917 இல் அமெரிக்கா சென்று, பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் 30 ஆண்டுகள் பணியாற்றினார். 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி அங்கேயே காலமானார். இந்தியாவுக்குத் திரும்பிப் போய் வாழும் எண்ணம் கடைசிவரை நிறைவேறவில்லை. கொழும்பில் இன்று ஒரு பெருந்தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கட பிள்ளைகளுக்கு

என்னைக் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு வயதில் கொண்டுவரப்பட்டு, தகப்பனையும் தகப்பனின் மொழியையும் இழந்து, ஆங்கிலப் பள்ளியில் வளர்ந்த ஒரு பிள்ளை, எங்கட நாட்டையும் சமயத்தையும் எங்களுக்கே விளக்கும் அளவுக்கு வந்தது. அவரை யாரும் பிடித்து இழுத்து வரவில்லை. கையில் கிடைத்த கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கட பிள்ளை அந்தக் கேள்வியை எந்தப் படிப்பிலிருந்தும் கேட்கலாம். கல்லாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், அம்மம்மாவின் அரிக்கன்சட்டியாகவும் இருக்கலாம். கேட்கும்போது மறுமொழி சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேணும். அதற்காகவாவது தமிழை வீட்டிலே வைத்திருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஆனந்தாவுக்கு இருந்த கெட்டித்தனம் இராது. வழி தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் கைகொடுக்கும்.

இந்தப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிக்கடிலியில் பேர்லிங்ரன் மாளிகையைக் காட்டுங்கள். கோவர் வீதியில் அவர் படித்த கல்லூரி வாசலில் நில்லுங்கள். சவுத் கென்சிங்ரனில் இயற்கை வரலாற்று நூதனசாலையில் கனிப்பொருள் மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இம்பீரியல் கல்லூரி வளவுக்குள் ஒரு உயர்ந்த மணிக்கூண்டு நிற்கிறது. அதற்கு இராணி கோபுரம் என்று பேர். பழைய இம்பீரியல் இன்ஸ்ரிரியூட்டை இடித்தபோது மிஞ்சியது அது ஒன்றுதான். பலாங்கொடை ஆற்றின் கறுப்புக் கல்லுக்குப் பெயர் வைத்த இடம் அது. எங்கட பிள்ளைகள் பலர் அந்தக் கோபுரத்தைக் கடந்து வகுப்புக்குப் போகிறார்கள். அடுத்த முறை போகும்போது ஒருக்கால் நிமிர்ந்து பார்க்கட்டும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.